கடல் திரும்பும் நேரம்

கடற்கரை ஊர் ஒன்றுக்கு விடுமுறைக்காகச் செல்வோர், அங்கே இறங்கியவுடன் செய்யும் முதற்செயல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பெட்டிகளை அறையின் ஒரு மூலையில் வைப்பர். காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வர். நீரை நோக்கி ஓடுவர். மலையூருக்குச் செல்பவர் கம்பளி ஆடையைத் தேடுகிறார். காட்டுக்குச் செல்பவர் வழிகாட்டியைத் தேடுகிறார். கடலுக்குச் செல்பவர் மட்டும் எதையும் தேடுவதில்லை. கடல் தமக்கு முன்பே அறிமுகமானது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். தமிழர்க்கு இவ்வெண்ணம் இன்னும் சற்று மிகுதி. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையைப் பின்னால் விட்டு வந்தவர்கள் அல்லவா!

மேற்கு வங்காளத்தின் கரக்பூரில், தொடர்வண்டிக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், டிசம்பர் மாத விடுமுறையில் ஒடிசாவின் சாந்திப்பூருக்குச் சென்றது. தந்தையார் தொடர்வண்டிப் பணிமனையில் வேலை செய்பவர். மூத்தவள் ஏழாம் வகுப்பு மாணவி. இளையவன் இரண்டாம் வகுப்பு. உடன் வந்தவர் ஆச்சி, தந்தையாரின் தாய். திருச்செந்தூருக்கு அருகிலுள்ள கடலோரச் சிற்றூரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். தாத்தா மறைந்தபின் மகனோடு கரக்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மூன்று ஆண்டுகளிலும் அவர் கடலைக் காணவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறைகூறியதும் இல்லை. ஆயினும் மழைக்காலத்தில் ஈரக்காற்று வீசும்போதெல்லாம் திண்ணைக்கு வந்து, முகத்தை உயர்த்தி, எதையோ முகர்வதுபோல நிற்பார். அதைக் கண்ட தாயார்தான், “அத்தையை ஒருமுறை கடலுக்கு அழைத்துப் போக வேண்டும்” என்றார்.

விடியற்காலை வண்டியில் ஏறினர். இளையவனுக்குக் கரக்பூர் நிலையத்தைப் பற்றிப் பெருமை அதிகம். அதன் நடைமேடை 1072 மீட்டர் நீளமுடையது. பல்லாண்டுகள் உலகிலேயே மிக நீளமான நடைமேடை என்று பெயர் பெற்றிருந்தது. 2023ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் ஹூப்ளி நிலையம் அப்பெருமையைத் தட்டிச் சென்றதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. எந்தத் தொலைவையும் அவன் நடைமேடைக் கணக்கிலேயே அளப்பான். பள்ளிக்கூடம் அரை நடைமேடை. சந்தை ஒன்றரை நடைமேடை. வண்டி சுவர்ணரேகா ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது அதன் அகலத்தையும் அவ்வாறே கணக்கிட முயன்று, பாதியில் உறங்கிப்போனான்.

பாலசோரில் இறங்கி, ஆட்டோவில் பதினாறு கிலோமீட்டர் சென்றால் சாந்திப்பூர். கடகரேகைக்கு ஏறத்தாழ இரண்டு பாகை தெற்கே அமைந்த ஊர் அது. வெப்பமண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. டிசம்பர்க் காலையில் வயல்களின்மேல் பனிமூட்டம் படிந்திருக்கும். மாலை ஐந்து மணி கடந்ததுமே கதிரவன் மறைந்துவிடுவான். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வண்டி சென்றபோது ஆச்சி, “உப்பு வாடை வருகிறது” என்றார். வேறு எவருக்கும் அது தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்கு அவர்கள் கரையை அடைந்தனர். கடல் நிறைந்திருந்தது. சவுக்குத் தோப்புக்குக் கீழே ஒரு சிறு மணற்பட்டை, அதையொட்டியே நீர். ஆயினும் ஆச்சியின் முகத்தில் எதிர்பார்த்த மகிழ்ச்சி தோன்றவில்லை. அவருடைய கடல் நீலமும் பச்சையும் கலந்தது, இரைச்சல் மிக்கது. இதுவோ செம்மண் கரைத்த நீரைப்போலப் பழுப்பாகக் கிடந்தது. அலைகள் எழும்பக்கூட இல்லை.

“இது என்ன கடல்! ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே” என்றார் தந்தையார், சிறிது வருத்தத்துடன்.

இளையவன் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான். நீரை நோக்கி அவன் எடுத்த மூன்றாம் அடியில் ஆச்சியின் கை அவன் தோளைப் பற்றியது.

“இரு ஐயா. தெரியாத ஊர்க் கடலை முதலில் ஒரு நாழிகை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அது போகிறதா, வருகிறதா, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிய வேண்டும். பிறகு கால் நனைக்கலாம்.”

ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். ஏழு வயதுச் சிறுவனுக்கு அது ஒரு யுகம். அவன் அழத் தொடங்கவே, மூத்தவள் ஒரு வழி கண்டாள். சவுக்குக் குச்சிகளைப் பொறுக்கி வந்து, நீரின் விளிம்பில் ஒன்றை நட்டாள். கடல் வருகிறதா போகிறதா என்பதை அக்குச்சி சொல்லும். கால் மணி நேரத்தில் குச்சிக்கும் நீருக்கும் இடையே சில அடி தூரமே விழுந்தது. இரண்டாம் குச்சி நட்டனர். அடுத்த கால் மணியில் அத்தூரம் இருமடங்காயிற்று. மூன்றாம் குச்சிக்கும் நான்காம் குச்சிக்கும் இடையே இளையவன் ஓடிப்போய் நட வேண்டியிருந்தது. அழுகை மறந்து, அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

அக்குச்சிகள் அவர்களுக்குக் காட்டியது ஓர் உண்மையான கணக்கு. நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியே ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேலாகிறது. அந்த ஆறு மணியிலும் அது ஒரே வேகத்தில் செல்வதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என நீர் மாறும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. தொடக்கத்தில் கடல் அசையாததுபோலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி ஏமாந்தவர் பலர்.

அறைக்குச் சென்று, கட்டிவந்த புளியோதரையை உண்டனர். உண்ணும்போது தந்தையார் பிள்ளைகளுக்கு அவ்வூரின் இன்னொரு சிறப்பைச் சொன்னார். நாட்டின் ஏவுகணைகளைச் சோதிக்கும் தளம் சாந்திப்பூரில்தான் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், அக்னி ஏவுகணை முதன்முதலாக இங்கிருந்தே விண்ணில் பாய்ந்தது. அத்திட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். ஏவும் நாள் இருமுறை தள்ளிப்போன பிறகே அந்த வெற்றி கிட்டியது. “அவரும் கடற்கரை ஊர்ப் பிள்ளைதான்” என்று ஆச்சி இடையில் சேர்த்துக்கொண்டார். இராமேசுவரமும் திருச்செந்தூரும் அவருக்கு ஏறத்தாழ ஒரே ஊர்.

ஒரு மணிக்கு மீண்டும் கரைக்கு வந்தபோது, கடல் இல்லை.

இது மிகைச்சொல் அன்று. காலையில் நீர் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈரமணல் பளபளத்தது. ஆங்காங்கே சிறு குட்டைகள் வானத்தைக் காட்டிக் கிடந்தன. கரையிலிருந்து போன மீனவர்கள் எறும்புகளைப்போலத் தொலைவில் தெரிந்தனர். பொரி விற்பவர் ஒருவர், காலையில் அலை தவழ்ந்த இடத்தில் மிதிவண்டியை ஓட்டிச் சென்றார். குச்சிகளின் வரிசை மட்டும் கடல் சென்ற வழியைக் காட்டி நின்றது.

“கடலை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?” என்று கேட்டான் இளையவன்.

எவரும் எடுத்துச் செல்லவில்லை. நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் உண்டாகும் ஏற்றவற்றமே அது. உலகின் எல்லாக் கடல்களிலும் நிகழ்வதுதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்தில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, கரையும் சரிவானது. ஆகவே அங்கே கடல் தன் இடத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். வங்காள விரிகுடாவின் வடகோடியிலோ கடல் குறுகியும் ஆழம் குறைந்தும் செல்வதால், நீர் குவிந்து பல மடங்கு உயர்ந்து தாழ்கிறது. சாந்திப்பூரின் கடலடித் தரை மேசையைப்போலச் சமமாக இருப்பதால், நீர் ஒரு சாண் தாழ்ந்தாலும் பல நூறு அடி தொலைவு நிலம் வெளிப்படுகிறது. நான்கைந்து கிலோமீட்டர் வரை கடல் உள்வாங்கும் நாள்களும் உண்டு. முழுநிலவு நாளிலும் மறைநிலவு நாளிலும் இது மிகுதியாகும். அன்று பௌர்ணமி.

கரையோரத்தில் முதிய மீனவர் ஒருவர் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். ஆச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலைமுடிச்சு எந்த ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும் போலும். பின்பு பேத்தியிடம், “தண்ணீர் எப்போது திரும்பும் என்று அவரிடம் கேட்டு வா” என்றார்.

மூத்தவள் ஐந்து மொழி பேசுவாள். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி, தெருவில் வங்காளம், பக்கத்து வீட்டில் ஒடியா, எதிர் வீட்டுத் தோழியோடு தெலுங்கு. தொடர்வண்டி ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு இது ஒரு திறமையாகவே தோன்றுவதில்லை. வீட்டுப் பெரியவர்கள்தாம் அதன் பயனை அறிவர். எரிவாயு கொண்டுவருபவரிடமும் மருந்துக் கடையிலும் ஆச்சிக்காகப் பேசியவள் அவளே.

“மௌசா, தண்ணீர் எப்போது திரும்பும்?” என்று ஒடியாவில் கேட்டாள். மௌசா என்றால் சித்தப்பா, மாமா என்பதுபோல அங்கே பெரியவரை அழைக்கும் சொல்.

முதியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை சொன்னார். “மூன்றரைக்கு ஜுஆர் தொடங்கும், மா. அதற்குள் நீங்கள் பாதி வழியாவது திரும்பியிருக்க வேண்டும். நடுவில் ஓடை இருக்கிறது. முன்னால் வரும் தண்ணீரை நீங்கள் பார்ப்பீர்கள். பின்னால் நிறையும் ஓடையைப் பார்க்க மாட்டீர்கள்.”

மூத்தவள் தொலைவில் மின்னிய வெள்ளிக் கோட்டைப் பார்த்தாள். அதுவே கடல். அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் காலை முதல் இருந்தது. மூன்றரைக்குள் பாதி வழி திரும்ப வேண்டுமானால், அதைத் தொட முடியாது. அவள் திரும்பி வந்து தந்தையாரிடம் சொன்னது ஒரே தொடர்: “மூன்றரைக்குத்தான் தண்ணீர் திரும்பத் தொடங்குமாம் அப்பா.”

அவள் பொய் சொல்லவில்லை. சொன்ன தொடர் உண்மையானது. அதற்குப்பின் வந்த நான்கு தொடர்களை மட்டும் விட்டுவிட்டாள்.

“அப்படியானால் நிறைய நேரம் இருக்கிறது” என்றார் தந்தையார். இரண்டு மணிக்கு அவரும் பிள்ளைகள் இருவரும் புறப்பட்டனர். ஆச்சிக்கு மூட்டுவலி. அவருக்குத் துணையாகத் தாயார் கரையிலேயே தங்கினார்.

அந்த நடை மிக இனிமையானது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடலின் தரைமீது நடப்பது எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மணலில் அலையின் வரிகள் ஓலைப்பாயின் பின்னலைப்போலப் பதிந்திருந்தன. சிவப்பு நண்டுகள் கூட்டமாக வெளியே வந்து, காலடி ஓசை கேட்டதும் ஒரே நொடியில் வளைகளுக்குள் மறைந்தன. வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. கணுக்கால் அளவு நீர், குளிர்ச்சியாக இருந்தது. இளையவன் அதில் மும்முறை குதித்துவிட்டே கடந்தான். நடைமேடைகளை எண்ணிக்கொண்டே வந்தவன், மூன்று முடியும்போது கடலைத் தொட்டான். அப்போது நேரம் மூன்றேகால்.

நீரின் ஓரத்தில் ஒரு வியப்பு காத்திருந்தது. கவிழ்ந்த சட்டியைப்போன்ற ஓடும் ஊசிபோன்ற வாலும் உடைய ஓர் உயிரினம், மல்லாந்து கிடந்து கால்களை அசைத்தது. அது குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு இருந்தாலும், அது சிலந்திக்கும் தேளுக்குமே நெருங்கிய உறவு. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே, வடிவம் பெரிதும் மாறாமல் வாழ்ந்து வருகிறது. அதன் குருதி நீலநிறம். நம் குருதியில் இரும்பு இருப்பதுபோல அதன் குருதியில் செம்பு இருப்பதே காரணம். ஊசி மருந்துகளில் நுண்ணுயிர் நஞ்சு கலந்துள்ளதா என்று சோதிக்க அக்குருதி பயன்பட்டு வருகிறது. இந்தியாவில் சட்டத்தின் காப்புப் பெற்ற உயிரினம் ஆகையால், அதைப் பிடித்துச் செல்லக் கூடாது. மல்லாந்து கிடந்தால் நிமிர்த்திவிடலாம். வாலைப் பிடித்துத் தூக்கினால் அதற்கு ஊறு நேரும். ஓட்டின் இருபக்கத்தையும் பற்றியே திருப்ப வேண்டும். தந்தையார் அவ்வாறே செய்தார். அது மெல்ல நகர்ந்து சென்றது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் மற்றொன்று. இளையவன் அவற்றை விட்டு வர மறுத்தான்.

மூன்றரை ஆயிற்று. நீர் அசைந்ததாகவே தெரியவில்லை. மூத்தவள் ஒருமுறை தந்தையாரைப் பார்த்தாள். அவர் இளையவனோடு குனிந்து நண்டின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியின் அச்சம், கடலின் அச்சத்தைவிட அப்போது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கரையில் ஆச்சி ஒன்றைக் கவனித்தார். எறும்புகளைப்போலத் தெரிந்த மீனவர்கள் எல்லோரும் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தனர். கூடையுடன் சென்ற பெண்கள் வந்துவிட்டனர். பொரிக்காரரின் மிதிவண்டியும் வந்துவிட்டது. ஈரமணலில் எஞ்சியவை மூன்று புள்ளிகள்; அவை மட்டும் அசையவில்லை. ஆச்சிக்கு அக்கடலைத் தெரியாது. ஆனால் கடலில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நடந்தால் அதன் பொருள் என்ன என்பது அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து முதியவரிடம் சென்றார். பேச மொழி இல்லை. கடற்புறத்தைச் சுட்டினார், மூன்று விரல்களைக் காட்டினார், ஒரு விரலைத் தம் இடுப்பளவுக்குத் தாழ்த்தி, சிறுவன் என்று உணர்த்தினார். பின் உள்ளங்கையைத் தரையிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தி, “ஏற்றம், ஏற்றம்” என்றார்.

“ஜுஆர்” என்றார் முதியவர். அவர் எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். வலையைக் கீழே போட்டுவிட்டு, மூங்கிற் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

நான்கு மணி கடந்த பின்னரே தந்தையார் திரும்ப முடிவு செய்தார். அப்போதும் அவசரம் தோன்றவில்லை. பின்னால் நீர் ஓசையின்றி, ஒரு துணியை விரிப்பதுபோல மணல்மீது பரவி வந்தது. அதைவிட வேகமாக அவர்கள் நடந்ததால், அதை வென்றுவிட்டதாகவே எண்ணினர். ஓடையை அடைந்தபோதுதான் நடந்தது விளங்கியது. கணுக்கால் அளவு இருந்த நீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது; அகலமும் இருமடங்கு ஆகியிருந்தது. தெளிவாக இருந்த நீர் இப்போது கலங்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. தந்தையார் இளையவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு காலை வைத்தார். இரண்டாம் அடியில் கால் சேற்றில் புதைந்தது. நிலைதடுமாறி, ஒரு கையால் தரையை ஊன்றி, பின்வாங்கினார். இளையவனின் ஒரு காலணி நீரோடு சென்றது. வெளிச்சமும் குறைந்து வந்தது. கரை எங்கே என்று காட்டிய சவுக்குத் தோப்பின்மேல் பனிமூட்டம் படியத் தொடங்கியது.

“அப்பா,” என்றாள் மூத்தவள். “அவர் இன்னும் சொன்னார். பாதி வழி திரும்பியிருக்க வேண்டும் என்று சொன்னார். ஓடை பின்னால் நிறையும் என்றும் சொன்னார். நான் உங்களிடம் சொல்லவில்லை.”

தந்தையார் அவளைப் பார்த்தார். விடை சொல்ல நேரம் இல்லை. அவளுடைய கையை இறுகப் பற்றிக்கொண்டார். அவ்வளவே.

அப்போது மறுகரையில் குரல் கேட்டது. முதியவர் கழியை உயர்த்தி, வலப்பக்கம் வருமாறு சைகை காட்டினார். ஓடையின் ஓரமாகவே அவர்கள் நடந்தனர். கரைக்கு நேராகப் போகாமல் விலகிச் செல்வது தந்தையாருக்குத் தவறாகவே தோன்றியிருக்கும், எனினும் நடந்தார். அரை நடைமேடைத் தொலைவில், வலை கட்டும் மூங்கில்கள் நட்ட இடத்தில் முதியவர் நின்றார். அங்கே தரை கெட்டியானது. கழியால் குத்திக் காட்டிக்கொண்டே அவர் நடுவரை வந்து, மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார். நீர் தந்தையாரின் முழங்காலை எட்டவில்லை. கடந்த பின்னும் முதியவர் நிற்கவிடவில்லை. “நட, நட” என்று ஒடியாவில் சொல்லிக்கொண்டே முன்னால் சென்றார். இருட்டும் நேரத்தில் கரையேறினர். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது மூங்கில்களின் நுனி மட்டுமே தெரிந்தது.

தாயார் இளையவனை வாரி எடுத்து அழுதார். ஆச்சி அழவில்லை. தம் சேலைத் தலைப்பால் பேத்தியின் கால்களைத் துடைத்தார். தந்தையார் முதியவரிடம் பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கடைக்காரரிடமிருந்து வந்த தேநீரை மட்டும் பெற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வலையைச் சீர்செய்ய அமர்ந்தார்.

அன்றிரவு மூத்தவள் உண்ணவில்லை. தந்தையார் அவளருகே வந்து அமர்ந்தார்.

“நீ சொல்லாதது தவறு. ஆனால் மூன்றரை என்று கேட்டதும், நானும் எனக்கு வேண்டியதையே எடுத்துக்கொண்டேன். திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டியவன் நான். ஆச்சியையாவது கேட்டிருக்கலாம். நாம் இருவரும் கடலைத் தொட ஆசைப்பட்டோம்.”

“ஆச்சிக்கு என்மேல் கோபமா?”

உறங்குவதாக எண்ணியிருந்த ஆச்சி இருட்டிலிருந்து விடை சொன்னார். “கோபம் இல்லை அம்மா. நான் பேசத் தெரியாதவள். உன் வாய்தான் எனக்கு இந்த ஊரில் வாய். அது பாதி பேசினால், எனக்கு மீதி தெரியாமலே போய்விடும்.”

மறுநாள் முற்பகல், கடல் மீண்டும் தோப்பின் அருகே நின்றது. ஆச்சி அதனருகில் சென்று குனிந்து, நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழுப்பாக இருந்தாலும் உப்பு ஒன்றுதான் என்றார். இளையவன் யாரும் சொல்லாமலே குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினான். மூத்தவள் முதியவரிடம் சென்றாள்.

“இன்று எப்போது, மௌசா?”

“நாலு இருபது. நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று பனி அதிகம். ஓடைக்கு அப்பால் போக வேண்டாம். மூன்றரைக்குக் கரையில் இருங்கள்.”

அவள் அதைத் தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தந்தையாரிடமும் ஆச்சியிடமும் சொன்னாள். பின் முதியவரிடம் திரும்பி, தான் சொன்னதை ஒடியாவில் அவருக்கே மறுபடி சொல்லிக் காட்டினாள். அவர் தலையசைத்தார். ஆச்சி தம் கையை உயர்த்திக் காட்டி, “ஜுஆர்” என்றார். முதியவர் சிரித்துவிட்டு, “ஏத்தம்” என்றார்.

அன்று பிற்பகல் அவர்கள் ஒரு நடைமேடைத் தொலைவு மட்டும் நடந்தனர். ஓடைக்கு இப்பால், மணல் கெட்டியாக இருந்த இடத்தில், ஆச்சியும் உடன் வந்தார்.